எழுவான்கரையில் நூல்கள், படுவான்கரையில் வாசகர்

மட்டக்களப்பு வாவியைக் கடந்து படுவான்கரையிலிருந்து நெல் வருகிறது. பாலும் தயிரும் வருகின்றன. விறகும் மரக்கறியும் வருகின்றன. மறுவழியில் நூல்கள் போகின்றனவா என்று எவரும் கேட்பதில்லை. அதனையே இங்கு நாம் கேட்க விரும்புகிறோம்.

இப்பிரதேசத்தை அறியாத வாசகருக்காக ஒரு வார்த்தை. கடற்கரைக்குச் சமாந்தரமாக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கும் இவ்வாவி, நிலத்தை இரண்டாகப் பிரிக்கிறது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலம் ஞாயிறு எழும் பக்கமாதலின் எழுவான்கரை எனப்படும். வாவிக்கு மேற்கே வயலும் குளமும் காடுமாக விரியும் நிலம் ஞாயிறு படும் பக்கமாதலின் படுவான்கரை எனப்படும். பெருங் கல்லூரிகளும் அச்சகங்களும் புத்தகக் கடைகளும் பெரும்பாலும் எழுவான்கரையிலும், இடையே தீவாகக் கிடக்கும் புளியந்தீவு நகரிலும் அமைந்தன. வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, மண்டூர், வெல்லாவெளி என நீளும் படுவான்கரை ஊர்களோ உலகுக்குச் சோறு போடும் பெருமையோடு நின்றுவிட்டன. மண்முனையில் பாலம் திறக்கப்பட்டது 2014ஆம் ஆண்டிலேதான். அதுவரை அங்கும் படகே கதி.

சில ஆண்டுகளுக்கு முன் குருமண்வெளித் துறையில் மண்டூருக்குச் செல்லும் பாதைக்காகக் காத்து நின்றோம். மக்களையும் வண்டிகளையும் ஒருங்கே ஏற்றிச் செல்லும் மிதவையை இங்குள்ளோர் 'பாதை' என்றே சொல்வர். பக்கத்தில் ஓர் இளைஞர் அட்டை கிழிந்த நூலொன்றை வாசித்துக்கொண்டிருந்தார். வெற்றி பெறுவதற்கு வழி சொல்லும் நூல், அமெரிக்க மூலத்தின் தமிழாக்கம், சென்னையில் அச்சிட்டது. உயர்தரப் பரீட்சையில் சித்தியடைந்தும் பல்கலைக்கழக அனுமதி கிடைக்காமையால் மாமனாரின் வயலில் வேலை செய்பவர் அவர் என்பது பேச்சில் தெரிந்தது.

"எத்தனையாம் தரம் தம்பி வாசிக்கிறீங்க?" என்று கேட்டோம்.

"மூண்டாந்தரம் சேர். அதில சொன்னபடியெல்லாம் செய்து பாத்திட்டன். ஒண்டும் மாறல்ல. என்னிலதான் பிழை போல கிடக்கு."

இந்தக் கடைசி வாக்கியம் எம்மை விட்டு நீங்கவில்லை. நூலொன்று பயன் தராவிடின் நூலில் பிழை இருக்கலாம். வாசித்த முறையில் பிழை இருக்கலாம். வாசகன் வாழும் சமுதாயத்தில் பிழை இருக்கலாம். இம்மூன்றையும் விட்டு வாசகனையே குற்றவாளியாக்கும் நூல்வகை ஒன்று உண்டு. நோயாளி குணமடையாவிடின் அவனது நம்பிக்கை போதவில்லை என்று கூறும் மந்திரவாதியின் சாதுரியம் அதற்கு உண்டு. மட்டக்களப்பு மந்திரத்துக்குப் பெயர் பெற்ற நாடு என்று வெளியூரார் கேலி பேசுவதுண்டு. ஆயினும் இந்த மந்திரம் இங்கு பிறந்ததன்று.

அது பிறந்த கதை சுவையானது. 1859ஆம் ஆண்டு சாமுவேல் ஸ்மைல்ஸ் என்னும் ஸ்கொட்லாந்துக்காரர் 'சுய உதவி' என்னும் பொருள்படும் பெயரில் ஆங்கில நூலொன்றை வெளியிட்டார். டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' வெளிவந்ததும் அவ்வாண்டில்தான். உழைப்பாலும் விடாமுயற்சியாலும் உயர்ந்த தனிமனிதரின் வரலாறுகளை அடுக்கிய அந்நூலே பிற்காலச் சுயமுன்னேற்ற நூல்களுக்கெல்லாம் மூதாதை. ஆனால் அது எவ்வாறு உருவாயிற்று என்பதனை ஸ்மைல்ஸ் தமது முன்னுரையில் ஒளிக்காமல் கூறிவிடுகிறார். லீட்ஸ் நகரத்து ஏழை இளைஞர் சிலர் மாலை வேளைகளில் ஒன்றுகூடினர். சற்று அறிந்தவர் அறியாதவருக்குக் கற்பித்தனர். முதலில் ஒரு குடிசை அறையிலும், கோடையில் அதன் தோட்டத்திலும் கூடினர். குளிர்காலம் வந்ததும் ஓர் அறையை வாடகைக்கு எடுத்தனர். அது முன்னர் கொலரா நோயாளருக்குத் தற்காலிக மருத்துவமனையாக இருந்த இடம். வேறெவரும் குடிவர அஞ்சியதால் இவர்களுக்குக் கிடைத்தது. அவர்களே ஸ்மைல்ஸைப் பேச அழைத்தனர். 1845 அளவில் அங்கு நிகழ்ந்த உரைகளிலிருந்து அந்நூல் வளர்ந்தது.

வாசகர்கள் இதனை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். தன்னந்தனியே உயரும்படி கூறிய நூல், ஒருவருக்கொருவர் கைகொடுத்துக் கற்ற ஒரு கூட்டத்தின் மடியிற் பிறந்திருக்கிறது. கொலரா அறையும் கூட்டமும் முன்னுரையோடு நின்றுவிட்டன; தனிமனிதன் மட்டும் நூலுக்குட் புகுந்தான். அன்றிலிருந்து இன்றுவரை அவ்வகை நூல்கள் அம்முன்னுரையை மறந்தே எழுதப்படுகின்றன. 1936இல் டேல் கார்னகி, நண்பர்களைப் பெறுவதற்கும் பிறரை வசப்படுத்துவதற்கும் வழி எழுதியபோது அமெரிக்காவில் வேலையற்றோர் இலட்சக்கணக்கில் நின்றனர். புன்னகைக்கக் கற்றுக்கொடுத்த அந்நூல், ஆலைக் கதவு ஏன் சாத்தப்பட்டது என்று கேட்கக் கற்றுக்கொடுக்கவில்லை.

இவ்வகை நூல்கள் அனைத்தையும் நாம் ஒரே மூட்டையாகக் கட்டி வாவியில் எறியச் சொல்லவில்லை. அது சோம்பேறி விமர்சனம். எம். எஸ். உதயமூர்த்தியின் 'எண்ணங்கள்' போன்ற நூல்கள், தம் குடும்பத்தில் முதன்முதலாகப் பாடசாலைக்குச் சென்ற பலருக்குக் கூச்சத்தை உதறி நிமிர்ந்து நிற்கும் துணிவைக் கொடுத்தன. பெரிய மனிதர் முன் வாய் திறக்கவே அஞ்சிய தலைமுறைக்கு அது சிறு பேறன்று. நூலைக் குறை கூறுமுன் அதனை நாடிச் சென்றவனின் தேவையை மதிக்க வேண்டும். தேவை நேர்மையானது, விற்கப்படும் சரக்கே பல வேளைகளில் கலப்படமானது.

சில வேளைகளில் நூல் நல்லதாயிருக்க, வாசிக்கும் பழக்கம் அதனைக் கெடுத்துவிடுவதும் உண்டு. அப்துல் கலாமின் 'அக்கினிச் சிறகுகள்' 1999இல் ஆங்கிலத்தில் வெளிவந்து, தமிழிலும் பெருவாரியாக வாசிக்கப்பட்டது. பரிசளிப்பு விழாக்களில் அது இன்றும் கைமாறுகிறது. கனவு காண்க என்ற ஓர் உபதேசமாக அதனைச் சுருக்கிவிட்டோம். நூலை நிதானமாக வாசிப்பவர் வேறொன்றைக் காண்பார். இராமேசுவரத்தில் சிறுவனுக்குத் தம் வீட்டு நூல்களைத் தந்து வாசிக்கப் பழக்கிய மாணிக்கம் அதில் வருகிறார், பத்திரிகை விநியோகிக்கும் வேலையிற் சேர்த்துக்கொண்ட உறவினர் வருகிறார், தம்பியின் கல்லூரிக் கட்டணத்துக்காகத் தங்க வளையல்களை அடகு வைத்த சகோதரி வருகிறார், ஆசிரியர்கள் வருகிறார்கள், அரசாங்கப் பணத்தில் இயங்கிய ஆய்வுகூடங்கள் வருகின்றன. கனவு கண்டவர் ஒருவர். அக்கனவைச் சுமந்தவர் பலர். மாணிக்கத்தின் வீடு இல்லாத ஊரில் பிறந்த பிள்ளை என்ன செய்யும் என்பதே அந்நூலை முடித்ததும் நாம் கேட்க வேண்டியது.

இனி எமது மண்ணுக்கு வருவோம். தன்னை வளர்த்துக்கொள்ள நூல்களைத் தேர்ந்துகொண்டவர் எனின், இவ்வாவிக்கரையில் முதலில் நினைவுக்கு வருபவர் விபுலாநந்த அடிகளே. சிலைக்கு மாலை போடும் நாட்களில் மட்டும் அவரை நினைப்பது எம்மவர் வழக்கமாகிவிட்டது. அவர் எதை வாசித்தார், ஏன் வாசித்தார் என்று எவரும் மாணவருக்குச் சொல்லுவதில்லை.

காரைதீவில் 1892இல் மயில்வாகனமாகப் பிறந்தவர், கல்முனையிலும் மட்டக்களப்பு அர்ச். மைக்கேல் கல்லூரியிலும் பயின்றவர். 1916ஆம் ஆண்டை எடுத்துப் பாருங்கள். அவ்வோராண்டிலேயே கொழும்பில் விஞ்ஞான டிப்ளோமாப் பரீட்சையிலும் சித்தியெய்தினார். மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதப் பரீட்சையிலும் சித்தியெய்தினார். 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம். இரண்டு அலுமாரிகளின் திறப்புகள் ஒரே கையில். விஞ்ஞானம் படித்தவன் இலக்கியத்தைத் தொடலாகாது, பண்டிதன் பௌதிகத்தைத் தொடலாகாது என்ற வேலியை அவர் மதிக்கவில்லை. ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழ் நாடகவியலோடு வைத்து ஆராய்ந்து 1926இல் 'மதங்கசூளாமணி'யை வெளியிட்டார். இத்தனையும் சேர்ந்து எங்கே போய் முடிந்தன? சிலப்பதிகார அரங்கேற்று காதையில் யாழைப் பற்றி வரும் சில அடிகளில். பழந்தமிழர் மீட்டிய யாழ் எத்தகையது, அதன் நரம்புகள் எவ்வாறு கட்டப்பட்டன, அதன் சுரங்கள் எக்கணக்கில் நின்றன என்ற கேள்வி அவரைப் பற்றிக்கொண்டது. அக்கேள்விக்கு விடை காண இசை நூல் மட்டும் போதவில்லை; கணிதம் வேண்டியிருந்தது; ஒலியியல் வேண்டியிருந்தது; உரையாசிரியர்கள் வேண்டியிருந்தனர். பல்லாண்டு உழைப்பின் பின் 1947 ஜூனில் 'யாழ்நூல்' திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறிற்று. மறு மாதம் அடிகள் மறைந்தார்.

இங்கே நாம் காண்பது யாது? அடிகள் வெற்றி பெற விரும்பி நூல்களைத் தேடவில்லை. ஒரு கேள்வி அவரை ஆட்கொண்டது; கேள்வி நூல்களைத் தேடிற்று; நூல்கள் மனிதனை வளர்த்தன. வளர்ச்சி என்பது நேரே குறிவைத்துப் பிடிக்கும் மீனன்று. வேறொரு காரியத்தில் முழு மனத்தோடு ஈடுபட்டிருக்கையில் வலையில் தானாக வந்து விழுவது அது. ஆகவே 'என்னை உயர்த்தும் நூல் எது?' என்று தொடங்குபவரைவிட, 'எனக்கு விளங்காமல் உறுத்துவது எது?' என்று தொடங்குபவர் நல்ல நூலைச் சென்றடைய வாய்ப்பு மிகுதி.

இன்னொன்றையும் கூறியாக வேண்டும். அடிகள் பிறந்த 1892ஆம் ஆண்டிலேயே உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்து வெளியிட்டார். அவ்வேடுகள் கறையானுக்கு இரையாகியிருந்தால் காரைதீவுச் சிறுவனின் கேள்வி பிறந்தேயிராது. ஐயரின் கண்ணும் ஒருநாள் பிறரால் திறக்கப்பட்டதே. 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார் அவரிடம் என்னென்ன படித்தீர் என்று கேட்டார். ஐயர் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ் என்று அடுக்கிக்கொண்டு போனார். முதலியார் வியக்கவில்லை, அவற்றுக்கு முந்திய பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று வினவினார். அவமானமாகத் தைத்த அவ்வினாவிலிருந்து 1887இல் சீவக சிந்தாமணிப் பதிப்பு பிறந்தது. நூல் தேர்வில் பாராட்டுபவரைக் காட்டிலும் வியக்க மறுப்பவரே சில வேளைகளில் சிறந்த துணை.

அதே 1892இல் சோழநாட்டுச் சீர்காழியில் எஸ். ஆர். ரங்கநாதனும் பிறந்தார். நூலகவியலுக்கு அவர் 1931இல் வகுத்த ஐந்து விதிகளுள் இரண்டு, ஒவ்வொரு வாசகனுக்கும் அவனுக்குரிய நூல் உண்டு, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகன் உண்டு என்பன. இருவரையும் சேர்த்து வைப்பது எவர் கடமை? சந்தை அதனைச் செய்யுமென எண்ணுவோர் மட்டக்களப்புக் கடையொன்றில் ஒரு மணி நேரம் நிற்கட்டும். பரீட்சை வழிகாட்டிகள், கடந்தகால வினாத்தாள்கள், சோதிடம், சமையல், வெற்றிக்கு வழி, இவற்றுக்கு முன்வரிசை. கிழக்கிலங்கை எழுத்தாளரின் நூல்கள் கீழ்த்தட்டில், சில கடைகளில் அதுவும் இல்லை. கடைக்காரரை நாம் குறை கூறவில்லை. அவருக்கும் வாடகை உண்டு.

தனியே மூலையில் அமர்ந்து தன்னை மெருகூட்டும் வாசிப்பு இப்பிரதேசத்தின் பழைய வழக்கமுமன்று. வைகாசியில் கண்ணகியம்மன் கோயில்களிலே கதவு திறந்து குளிர்த்தி வரையுள்ள நாட்களில் 'கண்ணகி வழக்குரை' படிக்கப்படும். ஊரே இருந்து கேட்கும். பாண்டிருப்புத் திரௌபதையம்மன் சந்நிதியில் பாரதம் படிக்கப்படும். புராண படனத்தில் ஒருவர் செய்யுளை வாசிக்க மற்றொருவர் பயன் சொல்லுவார். எழுத்தறியாத முதியவரும் பயன் பிழைத்தால் முகம் சுளிப்பார். இதனைப் பொற்காலமென நாம் போற்றவில்லை. யார் படிக்கலாம், யார் எங்கே இருந்து கேட்கலாம் என்பதில் சாதியும் பால்வேறுபாடும் கோலோச்சின. ஆயினும் நூல் பலர் முன்னிலையில் திறக்கப்பட வேண்டியது, அதன் பொருள் விவாதிக்கப்பட வேண்டியது என்ற அறிவு அங்கு இருந்தது. லீட்ஸ் இளைஞர்களின் கொலரா அறையில் இருந்ததும் அதுவே.

இவ்விடத்தில் எம்மவரையும் விட்டுவிடலாகாது. முற்போக்காளராகிய நாமும் பட்டியல் போட்டவர்களே. ரகுநாதனின் தமிழில் வந்த கார்க்கியின் 'தாய்', சாமிநாத சர்மாவின் வரலாற்று நூல்கள், மொஸ்கோவிலிருந்து மலிவு விலையில் வந்த தடித்த அட்டை நூல்கள்: இவை ஒரு தலைமுறையின் கண்ணைத் திறந்தன என்பதில் ஐயமில்லை. ஆனால் காலப்போக்கில் பட்டியலே வேதமாயிற்று. பட்டியலில் இல்லாததை வாசித்தவன் சந்தேகத்துக்குரியவனானான். 1960களில் எஸ். பொன்னுத்துரை இம்மட்டக்களப்பில் ஆசிரியராயிருந்து எழுதிய காலத்தில், 'தீ'யை வாசியாமலே அதனைக் கண்டித்தோர் எம்மிடையே இருந்தனர். அவரது கொள்கையோடு எமக்கு அன்றும் இன்றும் உடன்பாடில்லை. எனினும் வாசியாமற் கண்டிப்பது விமர்சனமாகாது. வெற்றிக்கு வழி சொல்லும் நூல் வாசகனைத் தன் வாடிக்கையாளனாக்குகிறது. எமது பட்டியல் அவனைத் தன் சீடனாக்கிற்று. இரண்டிலும் அவன் தன் கேள்வியை இழந்தான்.

கார்க்கியையே ஒழுங்காக வாசித்திருந்தால் இத்தவறு நேர்ந்திராது. வொல்கா ஆற்றுக் கப்பலொன்றில் பாத்திரம் கழுவும் சிறுவனாக இருந்த கார்க்கிக்கு, ஸ்மூரி என்னும் சமையற்காரர் தமது பெட்டியிலிருந்த நூல்களைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். நல்லதும் கெட்டதும் விளங்காததும் கலந்த பெட்டி அது. விளங்காவிட்டால் திரும்பவும் வாசி என்பதே சமையற்காரரின் திறனாய்வுக் கோட்பாடு! அக்கதம்பத்திலிருந்து தனக்கு வேண்டியதைப் பிரித்தறியப் பழகியதே கார்க்கியின் முதற் பல்கலைக்கழகம்.

பெண்களின் நிலையைத் தனியே கூற வேண்டும். போருக்குப் பின் இவ்வாவியின் இருகரைகளிலும் நுண்கடன் நிறுவனங்கள் வீடுவீடாக நுழைந்தன. முயற்சியுடையாள் முன்னேறுவாள் என்ற வசனம் கடன் படிவத்தோடு சேர்ந்தே வந்தது. கிழமைதோறும் தவணை, ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் என்று போய், 2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் பெற்ற சிறு கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டத்தை அரசாங்கமே அறிவிக்க நேர்ந்தது. அப்பெண்களுக்கு உதவக்கூடியது எந்நூல்? தன்னம்பிக்கையைப் புகட்டும் நூலா, வட்டி எவ்வாறு கணக்கிடப்படுகிறது என்று கூறும் பதினாறு பக்கச் சிறு பிரசுரமா? இரண்டாவதே என்போம். அதனோடு நில்லாமல், 1986இல் சித்திரலேகா மௌனகுரு தொகுத்த 'சொல்லாத சேதிகள்' என்னும் பெண் கவிஞர் தொகுதியையும் அவர்கள் கையில் வைப்போம். தன் துயரை வேறொருத்தி ஏற்கெனவே எழுதியிருக்கிறாள் என்று காண்பது, பிழை தன்னிலதான் என்ற எண்ணத்தை அசைக்கும். கடன் கணக்கும் கவிதையும் ஒரே கையில் இருப்பதில் முரண்பாடு எதுவுமில்லை. விபுலாநந்தரின் கையில் பௌதிகமும் சிலம்பும் இருந்தன அல்லவா?

நூல் கிடைக்கும் வழியைப் பற்றிப் பேசாமல் நூல் தேர்வைப் பற்றிப் பேசுவது, பசித்தவனுக்குப் பந்தி ஒழுங்கு கற்பிப்பதாகும். இம்மண் நூல்களைப் பன்முறை இழந்த மண். 1978 நவம்பர் 23 சூறாவளியிற் கூரைகளோடு ஏடுகளும் போயின. 1981இல் யாழ்ப்பாணத்துப் பொதுநூலகத்தை எரித்த தீயின் வெக்கை இங்கும் உறைத்தது. பின் வந்த போர் ஆண்டுகளில் இடம்பெயர்ந்தோர் அரிசிப் பையைத் தூக்கினரேயன்றிப் புத்தகப் பையைத் தூக்க இயலவில்லை. 2004 திசெம்பர் 26 அன்று கல்லடி, நாவலடிக் கரைகளிற் கடல் மனிதரையே கொண்டுபோயிற்று. அலுமாரிகளை யார் எண்ணினர்? பின்னர் 2022இன் பொருளாதார வீழ்ச்சியில் கடதாசி இன்றி மேல் மாகாணப் பாடசாலைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டன. வைக்கோலிலிருந்து கடதாசி செய்ய 1950களில் வாழைச்சேனையில் ஆலை அமைத்த நாடு இது என்பதை எண்ண நகைப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இந்தியாவிலிருந்து வரும் நூலொன்றின் விலை இன்று வயற் கூலியாளரின் நாட்கூலியோடு போட்டியிடுகிறது.

இந்நிலையில், வாங்குமுன் இரவல் பெறுக என்பதே எமது முதல் வேண்டுகோள். பிரதேச சபைகளின் நூலகங்கள் இருகரைகளிலும் உள்ளன. அவற்றில் பத்திரிகை வாசித்துவிட்டுத் திரும்புவோரே அதிகம். நூலகரிடம் சென்று, இன்ன விடயம் எனக்கு விளங்கவில்லை, இதற்கு நூல் உண்டா என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். கேட்பாரின்றியே பல நூலகர்கள் பதிவேட்டெழுத்தர் ஆகிவிட்டனர். 2005இல் தொடங்கிய நூலகம் இணையத் தளத்தில் ஈழத்து நூல்களும் சஞ்சிகைகளும் ஆயிரக்கணக்கில் இலவசமாக உள்ளன. பழைய இதழொன்றைத் தேடி யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் அலைந்த எமக்கு, மண்டூர்ப் பிள்ளை கைத்தொலைபேசியில் அதைத் திறப்பது அற்புதமாகவே படுகிறது. திறக்கும் பிள்ளைகள் எத்தனை பேர் என்பது வேறு விடயம்.

கையிலெடுத்த நூலை எவ்வாறு சோதிப்பது? அட்டையை நம்ப வேண்டாம். முன்னுரையையும் முழுதும் நம்ப வேண்டாம், ஸ்மைல்ஸின் முன்னுரையைப் போல அது உண்மை கூறுவது அரிது. நடுவில் பத்துப் பக்கம் வாசியுங்கள். மொழிபெயர்ப்பாயின் மொழிபெயர்த்தவர் பெயரும் மூல நூலின் பெயரும் ஆண்டும் உள்ளனவா என்று பாருங்கள். இவற்றை மறைக்கும் பதிப்பாளர் வேறு பலவற்றையும் மறைப்பார். வெற்றி பெற்றவர் கதைகளை அடுக்கும் நூலாயின், அதே முயற்சி செய்து தோற்றவர் எவரேனும் அதில் உள்ளனரா என்று தேடுங்கள். ஒருவரும் இல்லையெனில் அது விளம்பரம். அதில் வரும் மனிதருக்கு நிலம் இருந்ததா, கூலி என்ன, யார் கடன் கொடுத்தார் என்பன கூறப்படுகின்றனவா? போடியாரின் நிலத்தில் முல்லைக்காரராக விதைப்பு முதல் சூடடிப்பு வரை உழைத்தவர்களைவிட விடாமுயற்சி உடையவர் உலகில் எவர்? விடாமுயற்சி ஒன்றே போதுமெனின் எமது வட்டைகள் முழுவதும் செல்வந்தர்களால் நிறைந்திருக்க வேண்டும்.

பிடிக்காத நூலைப் பாதியில் விடுவது பாவமன்று. ஆனால் பிடிக்காமை சலிப்பினால் வந்ததா, அந்நூல் எமது பழைய எண்ணமொன்றைத் தொட்டுவிட்டதால் வந்ததா என்று ஒரு கணம் நின்று பார்த்தல் நன்று. பின்னையதாயின் அதுவே நாம் வாசிக்க வேண்டிய நூல்.

குருமண்வெளித் துறையிற் கண்ட இளைஞருக்கு அன்று நாம் உபதேசம் எதுவும் செய்யவில்லை, பாதை வந்துவிட்டது. முகவரி கேட்டு, பின்னர் வீ. சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' நூலை இரவலாக அனுப்பினோம். 1964இல் வெளிவந்த அந்நூலில் இன்று திருத்த வேண்டியவை உண்டு. பழம்பெருமை சற்று அதிகம். எனினும் தன் ஊர்ப் பெயரை அச்சில் காணாதவர் அதனைக் காணட்டும் என்பது எமது எண்ணம். நான்கு மாதங்களின் பின் நூல் திரும்பி வந்தது, உள்ளே ஒரு துண்டுக் கடதாசியுடன். ஊர்க் கோயிலைப் பற்றி நூலில் உள்ளது தம் பாட்டி சொல்லும் கதையோடு ஒத்துப்போகவில்லை என்று எழுதியிருந்தார். பாட்டி சொன்னதை இரண்டு பக்கத்தில் எழுதியுமிருந்தார். பிறகு, கடைசி வரியில்:

"நெல்லுக்கு விலை வைக்கிறது ஆர் சேர்? அறுவடை நேரத்தில மட்டும் ஏன் விழுது? இதுக்குப் புத்தகம் இருந்தா அனுப்புங்க."

1958இன் நெற்காணிச் சட்டத்தைப் பற்றியும், 1971இல் அமைந்த நெல் சந்தைப்படுத்தும் சபையைப் பற்றியும் ஆங்கில அறிக்கைகள் எம்மிடம் இருந்தன. படுவான்கரை விவசாயி ஒருவர் தாமே வாசித்து விளங்கிக்கொள்ளத்தக்க தமிழ் நூல் எமது அலுமாரியில் ஒன்றும் இருக்கவில்லை. இரண்டு நண்பர்களிடம் கேட்டோம், அவர்களிடமும் இல்லை. இப்போது மூவருமாகச் சேர்ந்து அதனை எழுதத் தொடங்கியிருக்கிறோம். முதல் அத்தியாயம் அவருக்குப் போய்விட்டது. விளங்காத இடங்களில் பென்சிலாற் கோடிட்டு அனுப்பும்படி கேட்டிருக்கிறோம்.